இரும்பு முக்காடு: தலைக்கும் கழுத்துக்கும் வளையக் கவசம் பின்ன ஒரு தொடக்க வழிகாட்டி

மார்கழிப் பனிக்குத் தாத்தாக்கள் மாட்டிக்கொள்ளும் மங்கி கேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தலை, காது, தாடை, கழுத்து எல்லாம் மூடியிருக்கும், முகம் மட்டும் வெளியே தெரியும். கம்பளி நூலுக்குப் பதில் ஆயிரக்கணக்கான இரும்பு வளையங்களைக் கோத்து அதே குல்லாவைப் பின்னி, தோள்வரை தொங்கவிட்டால் அதுதான் ஐரோப்பாவின் இடைக்கால வீரர்கள் போட்ட காய்ஃப். நான் அதை இரும்பு முக்காடு என்றே சொல்கிறேன். முக்காடு மாதிரியே தலைக்கு மேல் இழுத்துவிடலாம், வேண்டாதபோது பின்னால் தோளில் தள்ளிவிடலாம்.

இதைச் செய்ய உலை வேண்டாம், சுத்தியல்கூட வேண்டாம். அதனாலேயே பலர் கம்பியும் கொறடும் வாங்கி நேராகப் பின்ன உட்கார்ந்துவிடுகிறார்கள். பாதி வேலை முடிந்த பிறகு தலையில் ஏறவில்லை, கழுத்தில் சுருங்குகிறது, நெற்றி கண்ணில் விழுகிறது என்று தவிக்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் தொடங்கினேன். ஏறக்குறைய 600 வளையங்களைக் கழற்றி மறுபடி கோக்க வேண்டியிருந்தது. அப்போது புரிந்ததுதான் இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படை. இது கொல்லர் வேலை இல்லை, தையல் வேலை. அளவு எடுக்க வேண்டும், போட்டுப் பார்க்க வேண்டும், பிரித்துத் தைக்க வேண்டும். துணிதான் இரும்பு.

இந்தக் கவசத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள மெயில் என்ற சொல்லின் வேரும் அங்கேதான் போகிறது. பிரெஞ்சு வழியாக லத்தீனின் மாகுலா வரை போனால் அதற்கு வலைக்கண் என்று பொருள். மீன்வலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் எப்படிப் போட்டார்கள்?

செய்வதற்கு முன் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1066-இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைக் காட்டும் பேயோ திரைச்சீலை என்ற நீண்ட பூத்தையல் துணியில் வளையச் சட்டையோடு சேர்ந்தே முக்காடு வருகிறது, அதன்மேல் கூம்பு வடிவத் தொப்பி. 13-ஆம் நூற்றாண்டில் முக்காடு தனி உடுப்பாகவும் புழங்கியது. நியூயார்க்கில் உள்ள மார்கன் நூலகத்தின் சித்திர பைபிள் 1240-களை ஒட்டி பிரான்சில் வரையப்பட்டது. புதிதாகச் செய்பவர்கள் முதலில் அந்தப் படங்களைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். போர் முடிந்து களைத்த வீரர்கள் முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு நிற்கிறார்கள். உள்ளே போட்டிருக்கும் தையல் குல்லா பளிச்சென்று தெரிகிறது. எது உள்ளே, எது வெளியே, எங்கே கட்டு என்பதெல்லாம் அந்தப் படங்களில் கிடைத்துவிடும்.

1226-இல் இறந்த வில்லியம் லாங்கஸ்பே என்ற பிரபுவின் படுத்த சிலை இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்தில் இருக்கிறது. நெற்றியைச் சுற்றி வளையங்களுக்குள் நுழைத்து ஓடும் நாடாவைச் சிற்பி அதில் செதுக்கியிருக்கிறார். முகத்தின் கீழ்ப்பாதியை மூடும் மடிப்பும் உண்டு. அந்த நாடாவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அது வெறும் அலங்காரம் இல்லை.

உண்மையான முக்காடுகள் அதிகமாகக் கிடைத்த இடம் சுவீடனின் காட்லாந்து தீவு. 1361 ஜூலையில் டென்மார்க் அரசர் வால்டமாரின் படை விஸ்பி நகரின் வாசலில் உள்ளூர் உழவர்களை வெட்டிச் சாய்த்தது. கோடை வெயில். இறந்தவர்களைக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் பெருங்குழிகளில் போட்டு மூடினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது, மண்டையோட்டோடு ஒட்டித் துருவாகவே இறுகிப்போன முக்காடுகள் வெளியே வந்தன. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு இந்த வேலையை விளையாட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு வளையத்தையும் யாரோ ஒருவர் யாரோ ஒருவரின் உயிருக்காகக் கோத்திருக்கிறார்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைய வளையங்களின் முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, தட்டையாக்கி, துளையிட்டு, சின்ன ஆணி அடித்து இறுக்கினார்கள். பல கவசங்களில் ஒரு வரிசை ஆணி அடித்தது, அடுத்த வரிசை இணைப்பே இல்லாத முழு வளையம். நாம் செய்யப்போவது முனையோடு முனை முட்டவைத்து மூடும் எளிய வகை. நாடகம், குறும்படம், கண்காட்சி, பள்ளி விழா, சொந்த ஆசை எல்லாவற்றுக்கும் இது போதும். உண்மையான வாளோ அம்போ இதில் பட்டால் வளையம் வாய் பிளந்துவிடும். இதைப் போட்டுக்கொண்டு யாரையும் அடிக்கச் சொல்லிப் பார்க்காதீர்கள்.

முதலில் பஞ்சுக் குல்லா

கம்பி வாங்கும் முன் இதைத் தையுங்கள். முழு அளவும் இதன்மேல்தான் எடுக்கப் போகிறோம்.

வளையக் கவசம் வெட்டைத் தடுக்கும், அடியைத் தடுக்காது. தடி தலையில் விழுந்தால் இரும்புத் துணி வளைந்து கொடுத்து, அடியை அப்படியே மண்டைக்கு அனுப்பிவிடும். அந்த வேகத்தை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் மெத்தைதான். போரில் அதற்கும் மேலே இரும்புத் தொப்பி ஏறும். நமக்கு அடி விழப்போவதில்லை. ஆனாலும் இரண்டரை, மூன்று கிலோ எடை நேராக உச்சியில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். தலைமுடி வேறு இருக்கிறது. மூடிய வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு இருந்தாலும் முடி அதில் சிக்கும். என் அக்கா மகன் ஆசைப்பட்டுக் குல்லா இல்லாமல் ஒரு தடவை மாட்டிப் பார்த்தான். கழற்றும்போது பின்கழுத்தில் ஏழெட்டு முடி பிடித்துக்கொண்டது. கத்தரிக்கோல் வைத்துத்தான் அவனை விடுவித்தோம்.

அங்கே லினன் துணியில் செய்தார்கள். நமக்குப் பழைய பருத்தி வேட்டியோ காடாத் துணியோ போதும். இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே பஞ்சைப் பரப்பி, ரஜாய் தைப்பதுபோல் இரண்டு விரற்கடைக்கு ஒரு கோடாக ஓட்டுத் தையல் போடுங்கள். காதையும் பிடரியையும் மூட வேண்டும், தாடைக்குக் கீழே கட்ட இரண்டு பக்கமும் நாடா வேண்டும். தடிமன் ஒரு சென்டிமீட்டர் இருக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு அதற்கு மேல் வேண்டாம். நெற்றி வியர்வையை வாங்க உள்ளே ஒரு பட்டைத் துணி வைத்துத் தைத்துவிடுங்கள்.

குல்லாவைக் கட்டிக்கொண்டு, புருவத்துக்கு மேலே டேப் வைத்துச் சுற்றளவை எடுத்து எழுதிவையுங்கள். வெறும் தலையைவிட நான்கைந்து சென்டிமீட்டர் கூடுதலாக வரும். அதுதான் உங்கள் அளவு.

கம்பியும் கருவியும்

16 கேஜ் ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி கேளுங்கள், தடிமன் சுமார் 1.6 மி.மீ. வளையத்தின் உள்விட்டம் 8 மி.மீ. விட்டத்தைத் தடிமனால் வகுத்தால் 5 வரும். இந்தப் பின்னலுக்கு 4-க்கும் 6-க்கும் நடுவே இருப்பது நல்லது. 4-க்குக் கீழே போனால் துணி விறைத்துக்கொள்ளும், 6-ஐத் தாண்டினால் வலை மாதிரி தொளதொளவென்று ஆகிவிடும்.

கடையில் சென்ட்ரிங் வேலைக்குக் கட்டும் கறுப்புக் கட்டுக் கம்பியை எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது விரலாலேயே வளையும், முக்காட்டின் எடையே அதைப் பிரித்துவிடும். 1.6 மி.மீ. கம்பி கிலோவுக்கு 60 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். 8 மி.மீ. வளையமாக வெட்டினால் கிலோவுக்கு ஏறக்குறைய 2000. ஒரு முக்காட்டுக்கு, தோள்மேல் விழும் நீளத்தைப் பொறுத்து, 5000 முதல் 7000 வளையம்வரை போகும். 4 கிலோ வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்து வேறு கடையில் வாங்கினால் நிறம் பொருந்தாது.

ஜி.ஐ. கம்பியில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. அதை நெருப்பில் காட்டவே கூடாது, அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. கறுப்பாக வேண்டும் என்று அடுப்பில் போட்டுச் சுட்டுப் பார்க்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேலை செய்யும்போது விரலெல்லாம் சாம்பல் நிறமாகும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டு பிளையர் வேண்டும். இரண்டுமே சின்னதாக, வாய் தட்டையாக, கைப்பிடியில் ரப்பர் உறையோடு இருக்கட்டும். பல் அழுத்தமாக இருந்தால் கம்பியில் கீறல் விழும், அந்த வாயில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளலாம். வெட்ட சிறிய போல்ட் கட்டர். கண்ணாடி, அதாவது கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி, கட்டாயம். வெட்டும்போது துண்டு தெறிக்கும், சுருளின் கடைசி முனை கையை விட்டால் சாட்டை மாதிரி அடிக்கும்.

வளையம் ஆக்குவது

8 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) ராடு ஒன்றரை அடி நீளம் வாங்குங்கள். கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி வேண்டாம், அதன் மேட்டில் சுருள் மாட்டிக்கொள்ளும். வழவழப்பான ராடுதான் வேண்டும். பட்டறையில் கொடுத்து ஒரு முனைக்குப் பக்கத்தில் கம்பி நுழைய 2 மி.மீ. துளையும், மறுமுனையை எல் வடிவில் இரண்டு மடக்காக வளைத்து ஒரு கைப்பிடியும் போட்டு வாங்குங்கள். இரண்டு மரத் துண்டில் துளையிட்டு ராடை அதில் நிறுத்தினால் கிணற்று ராட்டினம் மாதிரி சுற்றலாம்.

கம்பி முனையைத் துளையில் நுழைத்து, இடது கையில் தடித்த துணிக் கையுறையோடு கம்பியை இறுக்கிப் பிடித்து, வலது கையால் சுற்றுங்கள். சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டியபடி வர வேண்டும். முடித்ததும் கம்பி முனையைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். சுருள் இரண்டு சுற்று பின்னால் தளர்ந்து ஓயும்வரை மெதுவாக விடுங்கள். அந்தத் தளர்வால் உள்விட்டம் 8-க்குச் சற்று மேலே போகும். அது சரிதான்.

சுருளை ராடிலிருந்து உருவி, ஒரே நேர்கோட்டில் ஒவ்வொரு சுற்றாக வெட்டுங்கள். சாதாரண கட்டிங் பிளையர் முனையை இரண்டு பக்கமும் கிளிமூக்கு மாதிரி கூராக்கிவிடும், மூடினாலும் நடுவில் பள்ளம் நிற்கும். போல்ட் கட்டர் ஓரளவு தட்டையாக வெட்டும்.

மூடும் முறை பழக ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். வெட்டிய வளையம் திருகு மாதிரி, ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் இருக்கும். இரண்டு பிளையராலும் இரண்டு பக்கமும் பிடித்து, பக்கவாட்டில் திருகித்தான் மூட வேண்டும். வெளியே விரித்து உள்ளே அமுக்கினால் வட்டம் முட்டையாகிவிடும். திருகும்போது லேசாக உள்நோக்கி அழுத்திக்கொண்டே முனையைச் சற்றுத் தாண்டவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். முனைகள் ஒன்றையொன்று உரசும் சின்ன ‘டிக்’ கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் மூடிவிட்டது என்று அர்த்தம். 50 வளையம் தாண்டியதும் கண்ணால் பார்க்கவே வேண்டாம், கை சொல்லிவிடும்.

மூடிய வளையத்தைப் பழைய நைலான் துணியில் தேய்த்துப் பாருங்கள். நூல் இழுத்தால் பிசிறு இருக்கிறது, மறுபடி திருகுங்கள். துணியில் மாட்டுவது முடியிலும் மாட்டும்.

பின்னல்: ஒன்றுக்குள் நான்கு

ஐரோப்பாவில் பெரும்பாலும் இருந்தது ஒரே பின்னல்தான். ஒவ்வொரு வளையமும் பக்கத்து வளையங்கள் நான்கைக் கோத்துப் பிடிக்கும்.

முதலில் பாதி வளையங்களை மூடி ஒரு டப்பாவில் போடுங்கள். மீதியைத் திறந்தபடி இன்னொரு டப்பாவில். ஒரு திறந்த வளையத்தில் நான்கு மூடிய வளையங்களைக் கோத்து மூடுங்கள். மேசையில் விரித்தால் மேலே இரண்டு, கீழே இரண்டு, நடுவில் ஒன்று. இதை ஐந்துக் கொத்து என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கொத்துகளை அக்கம்பக்கமாக வையுங்கள். ஒரு திறந்த வளையத்தை எடுத்து, இடக் கொத்தின் வலப்பக்க மேல் கீழ் இரண்டிலும், வலக் கொத்தின் இடப்பக்க மேல் கீழ் இரண்டிலும் நுழைத்து மூடுங்கள். அவ்வளவுதான், துணி தொடங்கிவிட்டது. இப்படியே கொத்துக் கொத்தாகச் சேர்த்தால் மூன்று வரிசைப் பட்டை நீளும்.

இரண்டு பட்டைகளைச் சேர்க்க, ஒன்றின் கீழ் வரிசையையும் மற்றதன் மேல் வரிசையையும் அருகருகே வைத்து நடுவில் ஒரு புது வரிசை கோத்துவிடுங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு, அதே கணக்கு. மூன்றும் ஒன்றும் மூன்றுமாக ஏழு வரிசை ஆகிவிடும்.

ஒரே வரிசையின் வளையங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அடுத்த வரிசை எதிர்ப்பக்கம். நெற்கதிர் சாய்ந்த மாதிரி ஒழுங்காகத் தெரியும். எங்காவது ஒரு புடைப்பு தெரிந்தால் அங்கே ஒரு வளையம் தப்புப் பக்கத்திலிருந்து நுழைந்திருக்கிறது. உடனே பிரித்துவிடுங்கள். பத்து வரிசை தாண்டினால் அதைத் தேடவே அரை நாள் ஆகும்.

அப்புறம் நான் 600 வளையம் கழற்றிய விஷயம். கையகலத் துண்டு பின்னியதும் அதை வரிசைக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள், விறைத்து நிற்கும். வரிசையோடு இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி கொடுக்கும். நெசவுத் துணிக்குப் பாவும் ஊடும் இருப்பதுபோல் இதற்கும் ஒரு திசை உண்டு. கொடுக்கும் திசை எப்போதும் தலையையும் கழுத்தையும் சுற்றி வர வேண்டும். அதாவது வரிசைகள் தரைக்கு இணையாக ஓட வேண்டும். அப்போது முக்காடு தன் எடையாலேயே கீழே இழுபட்டு, பக்கவாட்டில் சுருங்கித் தலையைத் தழுவி நிற்கும். மாட்டும்போது விரிந்தும் கொடுக்கும். நான் பக்கத் துண்டுகளைத் திசை மாற்றி இணைத்திருந்தேன். காதருகே தொங்கிய துணி, கதவுத் திரை மாதிரி விலகி நின்றது.

நெற்றிப் பட்டையிலிருந்து உச்சிக்கு

உச்சியில் ஒரு வளையத்தில் தொடங்கிக் கீழே விரித்துக்கொண்டு வருவதுதான் பலரும் சொல்லும் வழி. முதன்முறை செய்பவர்களுக்கு நான் நெற்றிப் பட்டையில் தொடங்கச் சொல்வேன். சில நாளிலேயே தலையில் வைத்துப் பார்க்க முடியும் என்பதுதான் காரணம்.

ஏழு வரிசைப் பட்டையைப் பஞ்சுக் குல்லா போட்ட தலையில், புருவத்துக்கு ஒரு விரல் மேலே சுற்றுங்கள். லேசாக இழுத்த நிலையில் முனைகள் சந்திக்க வேண்டும். எனக்கு ஒரு வரிசைக்கு 80 வளையம் வந்தது, உங்கள் தலைக்கு மாறும். 8-ஆல் வகுபடும் எண்ணாக வைத்துக்கொண்டால் அடுத்த வேலை சுலபம். கொத்துகளை இணைத்த அதே முறையில் இரண்டு முனைகளையும் சேர்த்து வட்டமாக்குங்கள்.

இனி மேல் நோக்கி ஒவ்வொரு வரிசையாக ஏற்றுங்கள். ஐந்தாறு வரிசை நேராகப் போகட்டும். பிறகு குறைக்க ஆரம்பிக்க வேண்டும். குறைப்பது ரொம்ப எளிது. வழக்கமாகப் புது வளையம் முந்தைய வரிசையில் இரண்டைப் பிடிக்கும், குறைக்கும் இடத்தில் மூன்றைப் பிடிக்க வேண்டும், அவ்வளவே. வட்டத்தைச் சம தூரமாக எட்டு இடமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் எட்டு இடத்திலும் இப்படிச் செய்தால் எட்டெட்டாகக் குறையும். 80 என்பது 72, 64 என்று இறங்கி 8-இல் வந்து நிற்கும். அந்த எட்டையும் ஒரே வளையத்தில் கோத்து மூடினால் உச்சி அடைபட்டுவிடும்.

எண்ணை மட்டும் நம்பாமல் மூன்று வரிசைக்கு ஒரு தடவை தலையில் வைத்துப் பாருங்கள். குல்லாவுக்கு மேலே கோபுரம் மாதிரி எழும்பினால் குறைப்பதைச் சீக்கிரம் செய்யுங்கள். பக்கத்தில் இறுகிப் பிடித்தால் இடையில் ஒரு நேர் வரிசை கூடுதலாகப் போடுங்கள். குரோஷா பின்னத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கையில் இருப்பது கம்பி என்றாலும் கணக்கு அவர்களுடையதுதான்.

முகம், தாடை, கழுத்து

நெற்றிப் பட்டையின் கீழ் விளிம்புக்கு வாருங்கள். முன்னால் ஒரு புருவ முனையிலிருந்து மறு புருவ முனைவரை உள்ள வளையங்களில் அடையாளத்துக்கு நூல் கட்டுங்கள். அந்த இடத்தை விட்டுவிட்டு மீதிச் சுற்று முழுவதும், பக்கமும் பின்னும், வரிசை வரிசையாகக் கீழே இறக்குங்கள். தாடைக்குக் கீழே வந்ததும் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே மூன்று வரிசைப் பட்டை ஒன்றைப் பொருத்திச் சேர்த்து, அங்கிருந்து மறுபடி முழு வட்டமாகப் பின்னுங்கள்.

தாடைக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். வாயை அகலத் திறந்து, கொட்டாவி விட்டு, தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். உரசினால் ஒரு வரிசையைக் கழற்றிவிடுங்கள்.

கழுத்து ஒல்லியாக இருக்கிறது என்று அங்கே குறைத்துவிடாதீர்கள். புதியவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு இதுதான். முக்காடு தலைவழியாகத்தான் ஏற வேண்டும், தலை நுழையாத கழுத்து பயன்படாது. தலைச் சுற்றளவையே கழுத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், துணி தானாகச் சுருங்கி விழும்.

கழுத்து நடுவுக்கு வந்ததும் விரிக்கத் தொடங்கலாம். குறைத்ததற்கு நேர் எதிர் வேலை. ஒரு வரிசையில், முந்தைய வரிசையின் ஒரே வளையத்தில் மட்டும் தொங்கும் உபரி வளையம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த வரிசை கோக்கும்போது அதையும் மற்ற வளையம்போலவே எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கை ஒன்று கூடிவிடும். எட்டு இடத்தில், மூன்று வரிசைக்கு ஒரு தடவை இப்படிச் சேர்த்துக்கொண்டே போனால் பாவாடை மாதிரி விரிந்து தோளில் படியும். விரிப்பு போதாவிட்டால் தோள்மேல் ஏறி நிற்கும், அதிகமானால் ஓரம் சுருக்குச் சுருக்காக அலைபாயும். காறை எலும்பைத் தாண்டி நான்கு விரல் கீழே வந்தால் போதும். கடைசி இரண்டு வரிசையைப் பித்தளைக் கம்பியில் போட்டால் பார்க்க அழகு. அன்றைக்கும் ஓரத்தில் பித்தளை வளையம் வைப்பது உண்டு.

இப்போது சாலிஸ்பரி சிலையின் நாடா. முடித்த முக்காட்டை மாட்டிக் குனிந்து நிமிர்ந்தால் நெற்றி ஓரம் வழுக்கிக் கண்ணை மறைக்கும். எடை முழுவதும் முன்னாலும் பின்னாலும் மாறி மாறி இழுப்பதால் அப்படி ஆகிறது. புருவத்துக்கு இரண்டு வரிசை மேலே, ஒரு வளையம் விட்டு ஒரு வளையத்தில் மெல்லிய தோல் நாடாவை நுழைத்துச் சுற்றிலும் ஓட்டி, பின்தலையில் கட்டுங்கள். எடை தலையைச் சுற்றிப் பரவி முக்காடு அசையாமல் உட்காரும். 800 ஆண்டுக்கு முன் ஒரு சிற்பி கல்லில் கொத்திவைத்த குறிப்பு உங்கள் நெற்றியில் வேலை செய்வதை அப்போது உணர்வீர்கள். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

வாயை மூடும் மடிப்பு வேண்டுமானால், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய துண்டு ஒன்றைப் பின்னி ஒரு பக்கத் தாடை ஓரத்தில் இணையுங்கள். உள்ளே துணி வைத்துத் தையுங்கள், வெறும் இரும்பு உதட்டில் படக் கூடாது. மறுமுனையில் நாடா கட்டி எதிர்ப்பக்க நெற்றிப்பொட்டருகே முடிந்துகொள்ளலாம். மூச்சு வாங்க அவிழ்த்துவிடலாம்.

முழு முக்காடு செய்ய நேரமில்லை, கழுத்து மட்டும் போதும் என்றால் அதற்கும் வழி உண்டு. இங்கிலாந்தின் யார்க்கில் 1982-இல் காப்பர்கேட் தோண்டலில் கிடைத்த 8-ஆம் நூற்றாண்டுத் தலைக்கவசத்திலேயே பிடரியை மறைக்க வளையத் திரை தொங்குகிறது. 14-ஆம் நூற்றாண்டில் பாசினெட் என்ற இரும்புத் தொப்பி வந்தபோது முக்காட்டின் மேல்பாதி தேவைப்படாமல் போயிற்று. தொப்பியின் கீழ் ஓரத்திலிருந்து தோள்வரை வளையத் துணியை மட்டும் தொங்கவிட்டார்கள். 1376-இல் இறந்த கறுப்பு இளவரசர் எட்வர்டின் சிலை கேன்டர்பரி பேராலயத்தில் இப்படித்தான் படுத்திருக்கிறது. அதை மாட்டிய விதம் நுட்பமானது. தொப்பியின் ஓரத்தில் சின்னச் சின்னக் கொளுவிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வளையத் துணியின் மேல் ஓரத்தைத் தோல் பட்டையில் தைத்து, பட்டையின் துளைகளில் அந்தக் கொளுவிகளை நுழைத்து, கொளுவிகளுக்குள் ஒரு கயிற்றை ஓட்டிவிடுவார்கள். கயிற்றை உருவினால் துணி கையோடு வந்துவிடும், சுத்தம் செய்யச் சுலபம். இரும்புத் தொப்பி கிடைத்தால் நீங்களும் இப்படியே செய்யலாம்.

பராமரிப்பு

ஜி.ஐ. கம்பி உடனே துருப்பிடிக்காது. ஆனால் வெட்டிய முனைகளில் பூச்சு இல்லை. வியர்வையும் கடற்காற்றும் அங்கேதான் முதலில் வேலையைக் காட்டும். போட்டுக் கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாடவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவை தடவிவிடுங்கள். சமையல் எண்ணெய் நாளானால் பிசுபிசுக்கும், வேண்டாம்.

அன்றைக்கு இரும்பு வளையத்தைப் பீப்பாயில் மணலோடு போட்டு உருட்டித் துரு நீக்கினார்கள். பூச்சில்லாத இரும்புக் கம்பியில் செய்திருந்தால் நீங்களும் பழைய ஜீன்ஸ் காலில் உலர்ந்த மணலோடு போட்டு இரண்டு முனையும் கட்டிக் குலுக்கலாம். ஜி.ஐ. கம்பிக்கு இதைச் செய்யாதீர்கள், மணல் பூச்சைத் தின்றுவிடும். பஞ்சுக் குல்லாவை மட்டும் தனியே அலசி வெயிலில் போடுங்கள்.

முதல் தடவை போடும்போது

உட்கார்ந்துகொண்டு போடுங்கள். குல்லாவைக் கட்டி, முக்காட்டின் தோள் பகுதியை இரண்டு கையிலும் சுருட்டி, பனியன் மாட்டுவதுபோல் உச்சியை முதலில் பொருத்திக் கீழே விடுங்கள். முகத் திறப்பு நேராக வந்ததும் நெற்றி நாடாவைக் கட்டச் சொல்லி யாரிடமாவது கேளுங்கள். முதல் நாள் கால் மணி நேரம் போதும், கழுத்துத் தசை பழக வேண்டும்.

கழற்ற மேலே இழுக்கக் கூடாது. நாடாவை அவிழ்த்துவிட்டு, இடுப்பிலிருந்து நன்றாகக் குனிந்து, தலையைத் தரை நோக்கித் தொங்கவிட்டு, தோள் பகுதியைக் காதுவரை தள்ளிவிட்டு லேசாகத் தலையை ஆட்டுங்கள். அதன் எடையே அதை இறக்கிவிடும். கீழே ஒரு துண்டை விரித்து வைத்துவிட்டுக் குனியுங்கள். முக்காடு அதில் விழுந்ததும் துண்டை உதறிப் பாருங்கள். முதல் சில தடவை இரண்டு மூன்று வளையமாவது வாய் திறந்து உதிர்ந்திருக்கும். அதற்காகவே 50 வளையத்தை ஒரு டப்பாவில் மீதி வைத்திருங்கள். ஓட்டை எங்கே என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அன்றைக்கே கோத்துவிடுங்கள்.